கேக்குது, சொல்லுங்க

சூரியத் துகள் முன்னறிவிப்பு மையம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அதன் எச்சரிக்கை ஒன்றுகூடத் தவறாகப் போனதில்லை. இதை நான் சொல்லவில்லை. மையத்தின் வாசலில், உள்ளே நுழைகிறவர்களின் தலைக்கு நேர் மேலே, வெண்கல எழுத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். இப்படிப் பெருமை பேசக்கூடிய அலுவலகம் உலகத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் தயவுசெய்து அதை நம்பி எங்கேயும் கிளம்பிவிடாதீர்கள்.

மையத்தின் வேலை இதுதான். சூரியனில் அவ்வப்போது வெடிப்பு நடக்கும். அப்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கூட்டமாகக் கிளம்பிப் பூமியைச் சுற்றியுள்ள வெளியில் மழைபோலக் கொட்டும். தரையில் இருக்கும் நமக்குக் காற்றும் பூமியின் காந்தமும் குடை பிடிக்கின்றன. அந்தக் குடைக்கு அப்பால் விண்நிலையத்தில் இருப்பவர்களுக்கு, அதிலும் நிலையத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்களுக்கு, போட்டிருக்கும் உடையைத் தவிர வேறு கதி கிடையாது. துகள் உடையையும் தோலையும் துளைத்து எலும்புவரை போய் வேலையைக் காட்டிவிடும். அதனால் மழைக்கு முன்பே மையம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் தண்ணீர்ப் பைகளைச் சுவராக அடுக்கி வைத்திருக்கும் உள்ளறைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்வார்கள். "மழை வருது, உள்ளே போ" என்று சொல்ல எத்தனை பேர் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பெரிய கட்டடம் நிறைய ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு நடுவில் கூட்டம் நடத்த ஒரு ஹாலும் வேண்டும்.

இந்த மையத்துக்கு அறிவிப்பாளராக வந்து சேர்ந்தவர் அதற்கு முன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். அவர் குரலில் ஒரு விசேஷம் உண்டு. வண்டி பாதி நாள் தாமதம் என்று அவர் சொன்னால், கேட்கிற ஜனங்கள் கோபப்படுவதற்குப் பதில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார்கள். "திருடன் வந்துட்டான்னு நீங்க கத்தினாக்கூட நான் புரண்டுதான் படுப்பேன்" என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

மனைவிக்குக் குழாய்க் கசிவுகளை அடைப்பது தொழில். கப்பல்களில் அடைத்தாள், ஆலைகளில் அடைத்தாள், கடைசியில் விண்நிலையத்தின் குளிர்ப்புக் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டபோது அங்கேயும் கிளம்பிவிட்டாள். "தரையில ஒழுகினா என்ன, ஆகாசத்துல ஒழுகினா என்னங்க? ஒழுகல் ஒழுகல்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்பேனர் பையை அவளே தைத்துக்கொண்டு போனாள். அவள் மேலே போனபின் வீடு பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது அவருக்கு. மையத்தில் அறிவிப்பாளர் தேவை என்று கேள்விப்பட்டதும், மனைவி காதில் விழுகிற வேலையாவது கிடைக்கட்டும் என்று மனுப்போட்டார்.

நேர்முகத் தேர்வில் இயக்குநரும் சொல் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். சொல் அதிகாரி என்பவர் மையத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சொல்லையும் தடவிப் பார்த்து, முனை இருந்தால் மழுக்கி அனுப்புகிறவர்.

"ஆபத்துன்னு சொல்லுங்க, பாப்போம்" என்றார் சொல் அதிகாரி.

"ஆபத்து" என்றார் நம்மவர், நடைமேடை எண்ணைச் சொல்வதுபோல.

இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். "பிரமாதம். எனக்குக் கொட்டாவியே வருது."

வேலை உறுதியானது. கையைக் குலுக்கும்போது இயக்குநர் வாசல் வெண்கல எழுத்தைப் பற்றிச் சொன்னார். "இதுவரைக்கும் ஒரு பொய் எச்சரிக்கை கிடையாது. தெரியுமில்ல?"

"உண்மையான எச்சரிக்கை எத்தனை சார்?"

"வந்த மழை அத்தனைக்கும் குடுத்திருக்கோம்."

"மழைக்கு முன்னாடியே?"

இயக்குநர் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முன்னாடி குடுத்தா தப்பாப் போக வாய்ப்பிருக்கே. மழை வரணும், அளக்கணும், ஓயணும், உறுதியாகணும். அப்புறம் குடுப்போம். அதனாலதான் தப்பே வர்றதில்ல."

நம்மவர் தலையை ஆட்டினார். வண்டி போனபிறகு வண்டி வந்ததை அறிவிப்பது ரயில்வேயில் குற்றம். இது பெரிய இடம், இங்கே வேறுமாதிரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் காலையில் அவரை ஒலிவாங்கி அறைக்குக் கூட்டிப்போனது லைன் பார்க்கும் பெண். அறையில் ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி, ஒரு சுவிட்ச். சுவிட்சை இடப்பக்கம் தள்ளினால் சோதனை. வலப்பக்கம் தள்ளினால் மேலே வெளியில் வேலை செய்பவர்களின் காதுக்கு நேராகப் போகும், மையத்தின் எல்லா அறை ஒலிபெருக்கியிலும் கேட்கும். வலப்பக்கம் தள்ள ஒவ்வொரு தடவையும் கூட்டத்தின் அனுமதி வேண்டும். வெளியில் தொங்குகிறவரின் இடுப்பில் ஒரு சின்னக் கருவி இருக்கும், துகள் பட்டால் சிணுங்கும். ஆனால் கருவி சிணுங்கியது என்று யாரும் தானாக உள்ளே வரக்கூடாது. மையம் சொன்னால்தான் வரலாம். இல்லாவிட்டால் வேலையைப் பாதியில் விட்டவர் என்று பெயராகிவிடும், மறுபடி மேலே அனுப்பமாட்டார்கள்.

"தினம் காலைல லைன் டெஸ்ட் பண்ணணும் சார். இடப்பக்கம் தள்ளிட்டு, கேக்குதான்னு கேளுங்க."

அவர் தள்ளினார். "கேக்குதா?"

ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு. பிறகு ஓர் ஆண் குரல், கொஞ்சம் மூச்சிரைப்போடு: "கேக்குது. சொல்லுங்க."

நம்மவர் முகம் மலர்ந்துவிட்டது. "வணக்கம்ங்க. நான் புதுசா வந்திருக்கேன். எல்லாரும் சௌக்கியமா?"

பதில் இல்லை. ஆனால் வெற்று நிசப்தமும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டு காத்திருக்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. காத்திருந்தார், காத்திருந்தார். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். லைன் நின்றது.

"என்னம்மா, கோவிச்சுக்கிட்டாரா?"

"அவர் இல்ல சார்" என்றாள் லைன் பெண். "அவர் செத்துட்டாரு. அது பதிவு."

அவர் நிலையத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். போன தடவை பெரிய துகள்மழை வந்தபோது வெளியில் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். கருவி சிணுங்கியது. மையத்திலிருந்து "கேக்குதா?" என்று கேட்டார்கள். "கேக்குது. சொல்லுங்க" என்றார். அதற்குள் கூட்டத்தில் ஏதோ ஒரு சொல்லுக்கு ஆட்சேபம் வந்து, அனுமதி நின்றுபோனது. அப்போதிருந்த அறிவிப்பாளர் அனுமதியில்லாமல் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலெக்ட்ரீஷியனும் காத்திருந்தார். அன்று பதிவானதுதான் இது. ஒலி மிகத் தெளிவாக இருந்ததால் அதையே சோதனைப் பதிவாக வைத்துக்கொண்டார்கள். எலெக்ட்ரீஷியன் தரைக்கு வந்து, படுத்து, எழுந்திருக்காமலே போனார். அவருக்கான எச்சரிக்கை மறுநாள் வெளியானது. அதில் ஒரு பிழையும் இல்லை.

"வேற குரல் மாத்தக்கூடாதாம்மா?"

"கேட்டிருக்கோம் சார். புதுக் குரல் இதைவிடத் தெளிவா இருக்கும்னு யார் உறுதி குடுக்கறதுன்னு கூட்டத்துல பேசிக்கிட்டிருக்காங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் நம்மவர் ஒரு செத்த மனிதரிடம் கேட்கிறதா என்று கேட்டார். அவரும் அலுக்காமல், கேட்கிறது, சொல்லுங்கள் என்றார். பிறகு அந்த மூச்சு. பிறகு 'டக்'. சொல்ல நம்மவரிடம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தால் அந்தக் காத்திருப்பும் கூடவே வந்துவிட்டது. சாப்பிடும்போது எதிர் நாற்காலியிலிருந்து வந்தது. குழாயை நன்றாக மூடினால் வீடு நிசப்தமாகி யாரோ காத்திருப்பதுபோல் இருந்தது, அதனால் சொட்டட்டும் என்று விட்டுவைத்தார். கசிவு அடைக்கிறவளின் வீட்டில் குழாய் சொட்டியது. அவள் இருந்தால் திட்டியிருப்பாள்.

மையத்தில் மற்றபடி சுறுசுறுப்பாகவே வேலை நடந்தது. தினமும் ஒரு அறிக்கை போகும்: "நேற்று எதிர்பார்த்தபடியே கழிந்தது." அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போடுவார்கள். எச்சரிக்கை வாசகத்தை ஆண்டுக்கணக்காகச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். "உடனே உள்ளே செல்லவும்" என்று இருந்ததில் 'உடனே' பதற்றம் தருகிறது என்று எடுத்தார்கள். "உள்ளே செல்லவும்" என்பது கட்டளை மாதிரி இருக்கிறது என்று "உள்ளே செல்லலாம்" ஆக்கினார்கள். நம்மவர் சேர்ந்த காலத்தில் அது "உள்ளே என்பது குறித்தும் ஒரு சிந்தனை இருப்பது நலம்" என்ற இடத்தில் வந்து நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கிறது என்று சொல் அதிகாரிக்கு மனக்குறை.

ஒரே ஒரு வாசகம்தான் முடிந்து, எல்லோர் கையெழுத்தும் வாங்கி, நிலையான அனுமதியோடு ஒலிவாங்கி அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருந்தது. அது இரங்கல் செய்தி. செத்தவரின் வேலையும் வெடித்த இடமும் மட்டும் படிக்கிறவர் நிரப்பிக்கொள்ளக் காலியாக விட்டிருந்தார்கள். வாரா வாரம் அதற்கு ஒத்திகை உண்டு. நம்மவர் படிக்க, எல்லோரும் அவரவர் இடத்தில் எழுந்து, தலை குனிந்து, செய்தியும் அதற்குப் பின் வரும் மௌனமும் முடியும்வரை அசையாமல் நிற்பார்கள். நடுவில் பேசினாலோ நகர்ந்தாலோ பதவி உயர்வு போச்சு. துணை இயக்குநர் ஒருவர் ஒரு தடவை தும்மிவிட்டு இன்னும் துணை இயக்குநராகவே இருக்கிறார்.

அதை முதன்முதலில் படித்தபோது நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், இது ரொம்பத் தெளிவா இருக்கே. வெடிச்சுது, மழை கடுமை, வேலையைப் போட்டுட்டு உள்ள போகணும்னு எல்லாம் இருக்கு. இதையே முன்னாடி சொல்லிடலாமே?"

சொல் அதிகாரி சிரித்தார். "இரங்கல்ல தெளிவு இருக்கலாம். அதை நம்பி யாரும் எதுவும் செய்யப் போறதில்ல பாருங்க."

வாரம் ஒருமுறை குடும்பத்தாருடன் பேச அனுமதி உண்டு. பேசும்போது ஒரு அதிகாரி பக்கத்தில் இருப்பார். சூரியன், வெயில், மழை என்று ஏதாவது பேச்சு வந்தால் தொண்டையைச் செருமுவார்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ எப்படி இருக்கே?"

"இருக்கேன். கண்ணை மூடினா ஒரு வேடிக்கை தெரியுமா? இருட்டுக்குள்ள பளிச் பளிச்சுன்னு பொறி பறக்குது. இங்க எல்லாருக்கும் அப்படித்தானாம். ஏதோ துகள் கண்ணுக்குள்ள..."

அதிகாரி செருமினார்.

"சரி, விடுங்க. வர்ற வாரம் வெளிய இறங்கறேன். பெரிய குழாய்ல ஒழுகுது. அப்போ ஏதாவது வந்தா நீங்கதானே சொல்லுவீங்க?"

"நான்தான் சொல்லணும்."

"அப்ப எனக்கென்ன கவலை? மத்தவங்க சொன்னா யோசிப்பேன். நீங்க உள்ள வாடின்னா வந்துடுவேன்."

அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள். மூச்சுக் கேட்டது. அந்த மூச்சை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். "குழாய் சொட்டுது" என்று ஏதோ உளறினார்.

"நம்ம வீட்டுலயா? வந்து கவனிச்சுக்கறேன் உங்களை!" என்று அவள் சிரிக்கும்போது நேரம் முடிந்து 'டக்' என்றது.

அவள் வெளியில் இறங்கிய நாள் நல்ல பகல் வேளை. மையத்தில் முதலில் கத்தியது கணிப்பாளரின் மணி. கணிப்பாளரை எல்லோரும் 'ஒருவேளை' என்றுதான் கூப்பிடுவார்கள். இளம் வயதில் ஒரு தடவை கூட்டத்துக்குள் அவர் "மழை வரும்" என்று சொல்லி, மழை கொஞ்சம் விலகிப் போய்விட்டது. அதற்கு நடந்த விசாரணையில் மனிதருக்கு முடியெல்லாம் நரைத்துவிட்டது. அன்றிலிருந்து "வரும்" என்ற சொல்லை வீட்டில்கூட அவர் தனியாக விடுவதில்லை. சம்பளம் ஒருவேளை வரும் என்பார்.

அவர் ஹாலுக்கு ஓடிவந்தார். "மேற்கு விளிம்புல வெடிச்சிருக்கு சார். பெருசு. அந்தப் பக்கம் வெடிச்சா நேரா நம்ம பக்கம்தான் வழி. வேகமான எலெக்ட்ரான் இப்பவே வந்து தட்டுது. அதுக்குப் பின்னாடியே பெரிய கூட்டம்... ஒருவேளை."

கூட்டம் கூடியது. நம்மவரும் உத்தரவுக்காகச் சுவரோரம் நின்றார்.

"வெளியில யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் இயக்குநர்.

"என் வீட்டுக்காரி இருக்கா சார்."

"அடடா. அப்ப ரொம்பப் பொறுப்பா நடந்துக்கணும். அவசரமே படக்கூடாது." இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "முதல்ல போன கூட்டத்துக் குறிப்பை ஏத்துக்குவோம்."

ஏற்றுக்கொண்டார்கள். பிறகு, வெடித்தது வெடிப்பா அல்லது வெடிப்பு போன்ற ஒன்றா என்று சொல் அதிகாரி கேட்டார். விண்கலக் கேமராவில் சூரியன் தெரியும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. துகள் கேமராவில் மோதும்போது அப்படித்தான் தெரியும். புள்ளிகள் பத்தாகி, நூறாகி, படமே சாம்பல் தூவியதுபோல் ஆனது.

"சார், திரை" என்றார் 'ஒருவேளை'.

"கேமராவைத் துடைக்கச் சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

"அது மேல இருக்கு சார்."

"அப்ப திரையைத் துடைக்கச் சொல்லுங்க." ஒருவர் துணியோடு வந்து திரையைத் துடைத்தார். புள்ளி போகவில்லை. துடைத்தாகிவிட்டது என்று குறித்துக்கொண்டார்கள்.

நம்மவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, ஒரே ஒரு வார்த்தை. உள்ள போன்னு சொல்லிட்டு வந்துடறேன். தப்பாப் போனா என்னைத் தூக்குல போடுங்க."

இயக்குநர் எழுந்தார். அவர் எழுந்தால் உரை என்று அர்த்தம். "உணர்ச்சிவசப்படறார், பாவம். நான் ஒண்ணு சொல்றேன். ஒரு உயிர் போனா அது ஒரு குடும்பத்துக்கு நஷ்டம். ஒரு எச்சரிக்கை தப்பாப் போனா? இந்த மையத்து மேல இருக்கற நம்பிக்கையே போயிடும். நம்பிக்கை போயிட்டா, நாளைக்கு நாம உண்மையா எச்சரிக்கும்போது யார் கேப்பாங்க? அந்த நாளுக்காகத்தான் இத்தனை வருஷமா எதையும் சொல்லாம சேத்து வச்சிருக்கோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்போது நம்மவருக்கு அந்த மூச்சு கேட்டது. ஹாலில் அல்ல, தன் காதுக்குள். சொல்லுங்க, சொல்லுங்க என்று காத்திருக்கிற மூச்சு. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேலே இருப்பவளின் மூச்சும் அப்படிப் பதிவாகிவிடும். ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்று அதையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். தினமும் காலையில் தான் வந்து அவளைக் கேட்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கும். அந்த நினைப்பில்தான் அவருக்குப் புத்தி வேலை செய்தது.

"சார், ஒரு சந்தேகம். இரங்கல் செய்தி படிக்க அனுமதி வாங்கணுமா?"

இயக்குநருக்கு எரிச்சல் வந்தது. "அதுக்குத்தான் நிலையான அனுமதி இருக்கே! எப்ப வேணா படிக்கலாம். நல்ல நேரம் பாத்தீங்க, அதைக் கேக்க!"

நம்மவர் ஓடினார். ரயில் பிடிக்க ஓடியவர்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவர், முதன்முதலாகத் தானே ஓடினார். ஒலிவாங்கி அறைக்குள் போய்ச் சுவிட்சை வலப்பக்கம் தள்ளினார்.

"கேக்குதா?"

கரகரப்பு, அதன் நடுவே கருவியின் சிணுங்கல். பிறகு அவள் குரல், வேலை செய்த மூச்சிரைப்போடு. முறைப்படி சொல்ல வேண்டிய பதிலைத்தான் அவளும் சொன்னாள். "கேக்குது. சொல்லுங்க."

ஒரு கணம் அவருக்கு யாரோடு பேசுகிறோம் என்றே தெரியவில்லை. பிறகு கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினார்.

"நிலையத்துக்கு வெளியே பணியாற்றிய நம் அன்புக்குரிய குழாய்ப் பராமரிப்பாளர், சூரியத் துகள் மழையில் நம்மை விட்டுப் பிரிந்தார் என்பதை மையம் ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறது..."

ஹாலில் நாற்காலிகள் கரகரவென்று பின்னால் நகர்ந்தன. இரங்கல் என்று காதில் விழுந்ததும் மொத்த மையமும் எழுந்து தலை குனிந்துவிட்டது. யாருக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. இயக்குநருக்கு மட்டும் பாதியில் புரிந்து முகம் சிவந்தது. ஆனால் இரங்கலின்போது அசையக்கூடாது என்பது அவரே போட்ட விதி. தலை குனிந்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். 'ஒருவேளை' மட்டும் குனியவில்லை. திரையைப் பார்த்து நின்றார், கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"...மேற்கு விளிம்பில் நிகழ்ந்த வெடிப்பை மையம் முதலிலேயே கண்டிருந்தது. மழை மிகவும் கடுமையானது. கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு உடனே உள்ளறைக்குள் போயிருந்தால், அவர் இன்று நம்மிடையே இருந்திருப்பார்."

"என்னங்க," என்றாள் அவள். "குழாய்ப் பராமரிப்பாளர்னா... நானா?"

சொந்தமாக ஒரு சொல் சேர்த்தால் அனுமதியில்லாத அறிவிப்பாகிவிடும், யாராவது ஓடிவந்து லைனைத் துண்டித்துவிடுவார்கள். எழுதியிருப்பதை மறுபடி படிக்கலாம். படித்தார். "உடனே உள்ளறைக்குள் போயிருந்தால், அவர் இன்று நம்மிடையே இருந்திருப்பார்." கேட்பவர்களைத் தூங்க வைக்கும் அந்தக் குரல் உடைந்துபோனது. மூன்றாம் தடவை படித்தபோது அது குரலாகவே இல்லை. "உடனே உள்ளறைக்குள்... உடனே..."

"அய்யோ, வரேங்க. வந்துட்டேன். ஸ்பேனரை விட்டுட்டேன், பாருங்க, அது பாட்டுக்குப் போகுது. அழாதீங்க. கம்பியைப் புடிச்சுட்டேன். கதவுகிட்ட வந்துட்டேன். அழாதீங்கன்னா!"

கதவு மூடிய சத்தம் அவருக்குக் கேட்டது. அதன் பிறகு மழை கொட்டியது. அவளும் மற்றவர்களும் தண்ணீர்ப் பைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து அதைக் கடந்தார்கள். மையத்தின் எச்சரிக்கை மறுநாள் வெளியானது. உள்ளே என்பது குறித்தும் ஒரு சிந்தனை இருப்பது நலம் என்றது. அதில் ஒரு பிழையும் இல்லை.

நம்மவர்மேல் நடவடிக்கை எடுக்க வழி தேடிப் பார்த்தார்கள். அனுமதி பெற்ற வாசகம், அனுமதி பெற்றவர், அனுமதி பெற்ற சுவிட்ச். ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் பெரிய சிக்கல் எழுந்தது. இரங்கல் வெளியாகிவிட்டது, ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறாள். இரங்கலைத் திரும்பப் பெற்றால் மையம் ஒரு தவறான அறிவிப்பு கொடுத்ததாகிவிடும். வாசலில் வெண்கல எழுத்து என்னாவது? நீண்ட யோசனைக்குப் பின், இரங்கல் சரியானது என்றும், மற்ற விவரங்களை அதற்கேற்பத் திருத்திக்கொள்வது என்றும் முடிவானது.

ஆகவே அவள் தரைக்குத் திரும்பி, மருத்துவமனையில் எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பிய பிறகு, மையத்தில் நடந்த அவளுடைய நினைவுக் கூட்டத்துக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். நடைவழியில் எலெக்ட்ரீஷியன் படத்துக்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டமிட்டு அவள் படம் தொங்கியது.

"வேற போட்டோவே கிடைக்கலையாங்க உங்களுக்கு?" என்று கணவரைக் கிள்ளினாள்.

இயக்குநர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பிரிவை எங்களால தாங்கவே முடியலம்மா" என்றார். மேடையில் ஏறியதும் அவர் முகத்தில் பெருமிதம் பொங்கியது. "ஒண்ணை யாரும் கவனிக்கல. இதுவரைக்கும் நம்ம இரங்கல் சம்பவத்துக்கு அப்புறம்தான் போயிட்டிருந்தது. இந்தத் தடவை, வரலாற்றுலயே முதல்முறையா, சம்பவத்துக்கு முன்னாடியே போயிருக்கு! முன்னறிவிப்புத் துறையில இது எவ்வளவு பெரிய பாய்ச்சல்! இனிமே இதுக்குன்னே ஒரு தனிப் பிரிவு வைக்கப்போறோம்." கைதட்டினார்கள். பிறகு அவளுக்காக மௌனம் காத்தார்கள். அவளும் எழுந்து நின்றாள், வேறென்ன செய்வாள்?

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்ததும் அவள் சொன்னாள். "எனக்கு அவர் குரலைக் கேக்கணும்."

எலெக்ட்ரீஷியனின் பதிவைப் பற்றி அவர் அவளிடம் சொல்லியிருந்தார். ஒலிவாங்கி அறைக்குக் கூட்டிப்போனார். லைன் பெண் தயங்கினாள், பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மனைவி உட்கார்ந்து, சுவிட்சை இடப்பக்கம் தள்ளினாள்.

"கேக்குதா?"

கரகரப்பு. "கேக்குது. சொல்லுங்க."

அந்த மூச்சு அறையில் நிறைந்தது. வெளியில் தொங்கிக்கொண்டு, இடுப்பில் கருவி சிணுங்க, காதில் ஒரு சொல் வராதா என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, உள்ள வந்துடுங்க. வேலையை அப்படியே போட்டுட்டு வாங்கண்ணே. மழை வருது."

மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை அது நின்று பெருமூச்சாக வெளியே வந்ததுபோல் நம்மவருக்குத் தோன்றியது. தினமும் கேட்கிற பதிவில் அப்படி ஒன்று இருந்ததா என்று அவருக்கு நினைவில்லை. லைன் பெண்ணைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'டக்'.

கடைசியில் லைன் பெண்தான் மெதுவாகக் கேட்டாள். "நாளைக்கும் வருவீங்களா மேடம்?"

"வரேம்மா" என்றாள் அவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "இங்க நான் செத்தவதானே. மறுபடி மேல அனுப்பப் போறதில்ல. தினமும் வந்து அவர்கிட்ட சொல்லிட்டுப் போறேன்."